எழுப்பிவிடும் கை: முதியோர் குடியிருப்புகள் எதுவரை துணை நிற்கின்றன?

கோயம்புத்தூரிலிருந்து வடவள்ளி, தொண்டாமுத்தூர் பக்கம் போகிறவர்கள் முதியோர் குடியிருப்புகளின் விளம்பரப் பலகைகளைப் பார்க்காமல் போக முடியாது. மலையடிவாரத்துச் சீதோஷ்ணம், பெரிய மருத்துவமனைகள், விமான நிலையம், சென்னையைவிட மலிவான நிலம் எல்லாம் சேர்ந்து கோவையை ஓய்வுக்கால வீடுகளின் ஊராக்கியிருக்கின்றன. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் பெற்றோர் பல ஊர்களிலிருந்தும் இங்கே வந்து குடியேறுகிறார்கள். பலகைகளில் வரும் படம் பெரும்பாலும் ஒன்றுதான்: நரைத்த தலையோடு ஒரு தம்பதி, பின்னால் புல்வெளி, நடைபாதை, சிறு கோயில். அந்தத் தம்பதி நிமிர்ந்து நடக்கிறார்கள். அவர்களுக்கு இன்னும் யாருடைய உதவியும் தேவைப்படவில்லை. ஆனால் அந்த வீட்டுக்குப் பணம் கட்டுகிறவர்கள் மனதில் இருப்பது படத்துக்கு அடுத்த காட்சி. குளியலறையில் கால் வழுக்கினால் யார் வருவார்கள்? மாத்திரை மறந்துபோகத் தொடங்கினால் யார் கவனிப்பார்கள்? படுத்துவிட்டால் என்ன ஆகும்? இத்தகைய குடியிருப்பின் மதிப்பு இந்தக் கேள்விகளுக்கு அது தரும் பதிலில் இருக்கிறது. எந்தெந்த உதவி, யார் கையால், என்ன நேரத்தில், உடல்நிலை எவ்வளவு மோசமாகும்வரை என்பதை எழுத்தில் தராத இடம், எவ்வளவு அழகாக இருந்தாலும், வீட்டை மட்டுமே விற்கிறது. நம் நாட்டில் சட்டமும் சந்தையும் இன்றுவரை வீட்டைத்தான் பார்க்கின்றன, உதவியைப் பார்க்கவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

குழப்பம் பெயரிலிருந்தே தொடங்குகிறது. ஆதரவற்றோருக்கு அறக்கட்டளைகள் நடத்தும் இலவச இல்லத்தையும், வசதியானவர்கள் சொந்தமாக வாங்கும் வில்லாவையும், கைத்தாங்கலாக ஆள் வைத்துப் பார்த்துக்கொள்ளும் விடுதியையும், குழாய் வழியாக உணவு ஏற்றும் மருத்துவப் பராமரிப்பு நிலையத்தையும் நாம் ஒரே வாயால் ‘முதியோர் இல்லம்’ என்கிறோம். இவற்றில் மூன்றாவதைத்தான் ஆங்கில வழக்கைத் தழுவி ‘அசிஸ்டெட் லிவிங்’ என்கிறார்கள். சொந்தமாக எல்லாவற்றையும் செய்துகொள்ள முடியாது, ஆனால் ஆஸ்பத்திரிக் கட்டிலும் தேவையில்லை என்ற நிலையில் இருப்பவர்களுக்கானது அது. அந்த இடைநிலை எவ்வளவு அகலமானது என்பதை அளக்க இரண்டு பழைய அளவுகோல்கள் உண்டு. சிட்னி காட்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர் 1963இல் வகுத்தது முதலாவது: குளித்தல், உடுத்தல், கழிப்பறை செல்லுதல், படுக்கையிலிருந்து எழுந்து நகர்தல், சிறுநீர் மலம் அடக்குதல், சாப்பிடுதல். லாட்டன், பிராடி இருவரும் 1969இல் வகுத்தது இரண்டாவது: போன் பேசுதல், கடைக்குப் போதல், சமையல், வீட்டு வேலை, துணி துவைத்தல், வெளியே போய்வருதல், மாத்திரை எடுத்தல், பணத்தை நிர்வகித்தல். இந்தியாவில் 2017-18இல் நடந்து 2021இல் வெளியான, முதுமை பற்றிய ‘லாசி’ கணக்கெடுப்பின்படி, 60 வயதைத் தாண்டியவர்களில் சுமார் 24 சதவீதம் பேருக்கு முதல் பட்டியலில் ஏதேனும் ஒன்றிலாவது சிரமம் இருக்கிறது. இரண்டாவது பட்டியலில் அது 48 சதவீதம்.

இந்த இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள தூரம் கவனிக்கத்தக்கது. பலருக்கு முதலில் கைவிட்டுப் போவது சமையலும் கடைகண்ணியும் வங்கி வேலையும்தான். நம் குடியிருப்புகள் சிறப்பாகச் செய்வதும் இவற்றையே. மூன்று வேளைச் சாப்பாடு, அறை கூட்டித் துடைத்தல், சலவை, மின்கட்டணம், மருத்துவமனைக்குப் போக வண்டி என்று மாதப் பராமரிப்புக் கட்டணத்துக்குள் பெரும்பாலும் அடங்கிவிடுகிற உதவிகள் இவை. இதைச் சிறியது என்று நினைக்கக்கூடாது. ஐம்பது வருஷம் அடுப்படியில் நின்ற பெண்ணுக்கு அடுத்த வேளை என்ன சமைப்பது என்ற கவலை இல்லாமல் போவது பெரிய விடுதலை. ஆனால் இரண்டாம் பட்டியலில் தொடங்கிய தளர்ச்சி சிலருக்கு முதல் பட்டியலுக்கு இறங்கும்போது, அதே குடியிருப்பில் கிடைக்கும் உதவி மெலிந்துவிடுகிறது. அங்கேதான் தனிக் கட்டணம், தனி ஆள், ‘வெளியிலிருந்து அட்டெண்டர் வைத்துக்கொள்ளுங்கள்’ என்ற பேச்சு எல்லாம் வருகின்றன.

ஒரு குளியலை எடுத்துக்கொள்வோம். சர்க்கரையும் முழங்கால் தேய்மானமும் உள்ள எண்பது வயதுப் பெண்மணி ஒருவரைக் குளிக்க வைப்பது என்றால் என்ன? முதலில் கட்டிலில் உட்கார வைத்து ஓரிரு நிமிடம் பொறுக்க வேண்டும். படுத்திருந்தவரைச் சட்டென்று எழுப்பினால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். வாக்கரைப் பிடித்துக் குளியலறை வரை நடத்திப் போய், வழுக்காத ஸ்டூலில் உட்கார வைத்து, வெந்நீரின் சூட்டைத் தன் கையில் பார்த்துவிட்டுத்தான் ஊற்ற வேண்டும். சர்க்கரையால் மரத்துப்போன காலுக்குச் சூடு தெரியாது. அவரால் முடிந்த இடங்களுக்கு அவரையே சோப்புப் போடவிட்டு, எட்டாத முதுகையும் பாதத்தையும் மட்டும் தேய்த்துவிட வேண்டும். துவட்டும்போது கால்விரல் இடுக்குகளைத் தனித்தனியாகத் துடைத்து, புண் ஏதும் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு உடை, தலைவாரல், மறுபடி நாற்காலி. அவசரப்படாமல் செய்தால் 25 நிமிடம் ஆகும். காலை ஆறு மணிக்கும் ஒன்பது மணிக்கும் இடையே ஒரு பணிப்பெண்ணால் ஏழு பேருக்கு மேல் இப்படிச் செய்ய முடியாது. இடையில் ஒருவர் கழிப்பறைக்குக் கூப்பிட்டால் அதுவும் முடியாது. ஒரு பெண்ணிடம் பதினைந்து பேரை ஒப்படைத்த இடத்தில் குளியல் என்பது ஈரத்துணியால் துடைத்துவிடுவதாகச் சுருங்கிவிடும்; விரலிடுக்குப் புண்ணை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். ‘குளிப்பாட்டும் உதவி உண்டு’ என்று கையேட்டில் இருக்கும் ஒரு வரியின் பொருள் ஆட்களின் எண்ணிக்கையில்தான் இருக்கிறது.

மருந்து விஷயமும் அப்படியே. ரத்த அழுத்தம், சர்க்கரை, தைராய்டு, ரத்தம் உறையாமலிருக்க ஒன்று, தூக்கத்துக்கு ஒன்று என்று நாளுக்கு எட்டு பத்து மாத்திரைகள் சாப்பிடும் முதியவர்கள் ஏராளம். காலை, மதியம், இரவு என்று தடுப்புப் போட்ட டப்பாவில் அடுக்கிக் கொடுப்பது ஒரு வகை உதவி. அதை அவர் விழுங்கினாரா என்று பார்த்துக் குறித்து வைப்பது இன்னொரு வகை. சாப்பிடாமல் இன்சுலின் போட்டுக்கொண்டுவிட்டாரா என்று கவனிப்பதும், மூன்று மருத்துவர்கள் எழுதிய சீட்டுகளில் ஒரே மருந்து இரண்டு பெயரில் வந்திருப்பதைக் கண்டுபிடிப்பதும் வேறொரு தளம். அதற்குச் செவிலியர் பயிற்சி வேண்டும். விழுதலும் இதோடு பின்னிக் கிடக்கிறது. 65 வயதுக்கு மேற்பட்டவர்களில் ஆண்டுக்கு 28 முதல் 35 சதவீதம் பேர் விழுகிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. கைப்பிடியும் சொரசொரப்பான தரையும் எச்சரிக்கை மணியும் அவசியம்தான். ஆனால் இரவு இரண்டு மணிக்குக் கழிப்பறைக்கு எழுந்தவரைத் தள்ளாட வைப்பது பல நேரங்களில் முந்தைய இரவு விழுங்கிய தூக்க மாத்திரை. மருந்துச் சீட்டைப் படிக்கத் தெரிந்த ஒருவர் இருக்கும் இடத்தில் அந்த ஆபத்து முன்கூட்டியே கண்ணில் படும்.

இத்தனை உதவிகளைச் சொல்லும்போது ஒன்று மறந்துபோகக்கூடும்: உதவியே சிறையாகவும் ஆகலாம். உதவியுடன் வாழும் குடியிருப்பு என்ற எண்ணத்தின் ஆரம்பமே அந்த அச்சம்தான். அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் 1980களின் தொடக்கத்தில் கெரன் பிரவுன் வில்சன் என்ற பெண்மணி போர்ட்லண்ட் நகரில் ஒரு புதுவகை இல்லத்தைத் தொடங்கினார். பக்கவாதத்தால் விழுந்துவிட்ட தன் தாய் பராமரிப்பு நிலையங்களில் பட்ட பாடே அவரைத் தூண்டியது. அவர் செய்த மாற்றம் கேட்க எளிமையானது. குடியிருப்பவருக்கு உள்ளிருந்து பூட்டிக்கொள்ளும் கதவு, சொந்தச் சமையலறை, சொந்த மேஜை நாற்காலி. உதவுகிறவர் அந்த வீட்டுக்கு விருந்தாளியாக அனுமதி கேட்டு நுழைய வேண்டும். நோயாளி என்ற சொல்லையே அவர் தவிர்த்தார். எல்லன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற இரு உளவியலாளர்கள் 1976இல் வெளியிட்ட ஆய்வும் இதே திசையில் பேசியது: தன் செடிக்குத் தானே தண்ணீர் ஊற்றவும், படம் பார்க்கும் நாளைத் தானே முடிவு செய்யவும் விடப்பட்ட முதியவர்கள், எல்லாம் செய்து தரப்பட்டவர்களைவிட உற்சாகமாகவும் விழிப்பாகவும் இருந்தார்கள். சிறிய ஆய்வு அது. அதன் பிற்காலக் கணக்குகளைப் பற்றி விவாதங்கள் உண்டு; முழுப் பாரத்தையும் அதன் தலையில் ஏற்ற மாட்டேன். ஆனாலும் நம் ஊர்க் குடியிருப்புகளுக்கு அது ஒரு நல்ல உரைகல். விடிகாலை நாலரை மணிக்கு எழுந்து தன் கையால் டிகாக்‌ஷன் இறக்கிக் காபி குடித்த ஒருவரை, ‘ஆறரைக்குத்தான் காபி வரும், அறையில் அடுப்புக் கூடாது’ என்று காக்க வைப்பது பாதுகாப்பு என்ற பெயரில் அவர் காலைப்பொழுதைப் பறிப்பது. மின்கெட்டில் ஒன்றும் அருகில் நிற்க ஓர் ஆளும் இருந்தால் தீர்ந்துவிடுகிற சிக்கல் அது.

மறதிநோய்தான் இந்தக் குடியிருப்புகளுக்கு மிகக் கடினமான சோதனை. லாசி கணக்கெடுப்பின் தொடர்ச்சியாக நடந்த ஆய்வு, இந்தியாவில் 60 வயதுக்கு மேற்பட்டோரில் 7.4 சதவீதம் பேர், அதாவது சுமார் 88 லட்சம் பேர், டிமென்ஷியாவோடு வாழ்வதாக மதிப்பிட்டது. தன் வீடு எது என்று தெரியாமல் கிளம்பிப் போகிறவருக்கும், சாயங்காலமானால் பதற்றமாகிக் கூச்சலிடுகிறவருக்கும் எச்சரிக்கை மணியால் பயனில்லை. மணியை அழுத்த வேண்டும் என்பதே அவருக்கு நினைவிருக்காது. பழகிய முகம், மாறாத நேர ஒழுங்கு, சுற்றிச் சுற்றி வந்தாலும் தொடங்கிய இடத்துக்கே திரும்பும் பாதை, பொறுமையான குரல் ஆகியவைதான் அவருக்கு மருந்து. குரல் என்றதும் மொழியும் வருகிறது. பிற்காலத்தில் கற்ற மொழிகள் நழுவி, குழந்தைப் பருவத்து மொழி மட்டும் எஞ்சுவது இந்நோயில் பலருக்கும் நேர்வது. பணிக்கு வருகிறவர்களில் ஒடிசா, ஜார்க்கண்ட் பக்கத்துப் பெண்கள் பலர். உழைப்பிலும் அன்பிலும் அவர்களுக்குக் குறைவில்லை. ஆனால் ‘வயிறு பெசையுது’ என்று ஒரு பாட்டி முனகும்போது அது வலியா பசியா என்று பிரித்தறியத் தமிழ் வேண்டும். வேலைக்குச் சேரும்போதே உடல்வலி, பசி, கழிப்பறை, பயம் பற்றிய நூறு தமிழ்ச் சொற்களைக் கற்றுத் தருவது எந்த நிறுவனத்துக்கும் பெரிய செலவில்லை. டிமென்ஷியா வந்தால் வைத்திருப்பார்களா, வேறு இடம் பார்க்கச் சொல்வார்களா என்பதைச் சேரும் நாளிலேயே கேட்டுவிட வேண்டும். அந்த நோய் வந்த பிறகு கேட்க வேண்டியவராலேயே கேட்க முடியாது.

சட்டம் இங்கே என்ன செய்கிறது? 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம் கட்டடத்தைப் பற்றிக் கேள்வி கேட்கும்: குறித்த நாளில் சாவி தந்தார்களா, சொன்ன அளவு இருக்கிறதா என்று. சாவி கைமாறிய பிறகு இருபது வருஷம் தொடர வேண்டிய பராமரிப்பு அதன் பார்வைக்கு வெளியே நின்றுவிடுகிறது. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் (2007) மாவட்டத்துக்கு ஒன்றாக, குறைந்தது 150 வறியவர்கள் தங்கும் இல்லங்களைப் பற்றிப் பேசுகிறது. பணம் கட்டித் தங்குகிறவர்களின் நிலை அதில் வரவில்லை. அந்தக் குறையைத் தீர்க்க, பராமரிப்பு இல்லங்களுக்கும் வீட்டுக்கே வந்து பராமரிக்கும் நிறுவனங்களுக்கும் பதிவும் குறைந்தபட்சத் தரமும் கோரும் திருத்த மசோதா 2019 டிசம்பரில் மக்களவைக்கு வந்தது; நிறைவேறாமலே காலாவதியாகிவிட்டது. அதே ஆண்டு மத்திய வீட்டுவசதி அமைச்சகம் ஓய்வுக்கால இல்லங்களுக்கு மாதிரி நெறிமுறைகளை வெளியிட்டு, கட்டுபவர், சேவை தருபவர், குடியிருப்பவர் மூவரும் கையெழுத்திடும் ஒப்பந்தத்தைப் பரிந்துரைத்தது. மிக நல்ல யோசனை. ஆனால் மாதிரி என்பதால் மாநிலங்கள் ஏற்றால்தான் உயிர். மகாராஷ்டிரத்தின் ரியல் எஸ்டேட் ஆணையம் 2024இல் இத்தகைய குடியிருப்புகளின் கட்டட அமைப்புக்கு விதி வகுத்தது. சக்கர நாற்காலி நுழையும் கதவு அகலம் அதில் வந்துவிட்டது. இரவில் எத்தனை பேர் விழித்திருக்க வேண்டும் என்பது எங்கேதான் வரும்?

இந்தக் குடியிருப்புகளே தேவையில்லை என்பவர்களின் முதல் மறுப்பு தார்மீகமானது: பெற்றோரைப் பார்ப்பது பிள்ளைகளின் கடமை, அதைக் காசுக்கு விடுவது கைவிடுவதற்குச் சமம். இந்த மறுப்பில் உள்ள வேதனையை மதிக்கிறேன். ஆனால் பழைய கூட்டுக் குடும்பத்தில் மாமனாரின் படுக்கையை மாற்றியதும் மாமியாரைக் குளிப்பாட்டியதும் பெரும்பாலும் கடமை பேசிய மகனல்ல, சம்பளமில்லாத மருமகள். அவள் இன்று வேலைக்குப் போகிறாள்; அவளுக்கும் ஐம்பத்தைந்து வயதாகி முதுகுவலி வந்திருக்கிறது. தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் குழந்தைகள் 1.8 என்று ஐந்தாவது தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. மாநில மக்கள்தொகையில் 60 வயதைக் கடந்தவர்கள் 2021இல் 13.6 சதவீதம், 2031இல் 18.2 சதவீதம் என்பது அரசின் தொழில்நுட்பக் குழு போட்ட கணிப்பு. ஒற்றைப் பிள்ளை நான்கு முதியவர்களைத் தூக்கிவிடும் கணக்கு எந்தப் பாசத்தாலும் சரிவராது. உடல் உழைப்பைப் பயிற்சி பெற்றவர் ஏற்றுக்கொண்டால் பிள்ளைக்கு மிஞ்சுவது பக்கத்தில் உட்கார்ந்து பேசும் நேரம். வாரம் ஒருமுறைகூட எட்டிப் பார்க்காதவர் கைவிட்டவர்தான். ஆனால் சொந்த வீட்டின் பின்னறையில் தாயைப் போட்டு வைத்துவிட்டு எட்டிப் பார்க்காதவரும் கைவிட்டவர்தான்.

இரண்டாவது மறுப்பு வலுவானது. பழகிய வீட்டிலேயே ஓர் ஆளை வைத்துக்கொண்டால் செலவும் குறைவு, மனமும் வாடாது என்கிறார்கள். பலருக்கு இது உண்மை. கழிப்பறையில் இரண்டு கைப்பிடி, இந்தியக் கழிப்பறைக்குப் பதில் மேற்கத்தியது, படிக்குப் பதில் சாய்தளம், பகலில் ஒரு பெண்மணி என்ற அளவோடு பத்து வருஷம் நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. தெருவும் அக்கம்பக்கமும் உயிரோடிருக்கும் ஊர்களில் அதுவே முதல் தேர்வாக இருக்கட்டும். ஆனால் அந்த ஒரு பெண் பொங்கலுக்கு ஊருக்குப் போனால் அடுத்த நாள் காலை எழுப்பிவிட ஆளில்லை. அவர் முரட்டுத்தனமாக நடந்தாலும் பார்க்க யாரும் இல்லை. முதியவர் அவரை மிரட்டினாலும் அந்தப் பெண்ணுக்குத் துணை இல்லை. குடியிருப்பின் மெய்யான பலம், மாற்று ஆள் இருப்பதும் மேற்பார்வை இருப்பதும். அவை இல்லாத குடியிருப்பு வீட்டைவிட மோசம் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன்.

இது வசதியானவர்களின் விவகாரம் என்ற மூன்றாவது மறுப்புக்கு ஆதாரம் தேட வேண்டியதே இல்லை. தமிழ்நாட்டில் முதியோர் ஓய்வூதியம் 2023இல்தான் மாதம் 1,200 ரூபாயாக உயர்ந்தது. மத்திய அரசின் பங்கு 79 வயதுவரை 200 ரூபாய். ஆயுஷ்மான் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2024 முதல் 70 வயது நிரம்பிய அனைவருக்கும் விரிந்தது. ஆனால் அது ஆஸ்பத்திரிச் செலவுக்கு. இடுப்பெலும்பு முறிந்தவரின் அறுவைக்குப் பணம் உண்டு, வீடு திரும்பிய பின் ஆறு மாதம் அவரைத் தூக்கி உட்கார வைக்கும் கைக்குக் காசில்லை. அறக்கட்டளை நடத்தும் இல்லங்களில் மாதக் கட்டணம் 25,000 ரூபாய்வரை இருந்தால் ஜிஎஸ்டி விலக்கு உண்டு. தீராத செலவுள்ள, நாள் முழுதும் ஆள் வேண்டிய நோயாளிக்கு அந்த வரம்பு போதாது. மற்ற நாடுகள் இதை வீட்டுக்கு வீடு தீர்க்க விடவில்லை. ஜப்பான் 2000இல் 40 வயதைத் தாண்டிய அனைவரிடமும் சந்தா வாங்கிப் பராமரிப்புக் காப்பீட்டைத் தொடங்கியது. சிங்கப்பூர் 2020இல் கொண்டுவந்த கேர்ஷீல்ட் லைஃப் திட்டம், காட்ஸின் பட்டியலை ஒத்த ஆறு செயல்களில் மூன்றைச் செய்ய முடியாதவருக்கு மாதாமாதம் பணம் தருகிறது; அங்குள்ள தமிழ்க் குடும்பங்களும் அதில் இருக்கின்றன. அந்தப் பணத்தை வீட்டில் ஆள் வைக்கவும் செலவிடலாம், இல்லத்துக்கும் கட்டலாம். நம்மிடமும் அஸ்திவாரம் இல்லாமல் இல்லை. 2021இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டம் மாத்திரையையும் பிசியோதெரபியையும் வாசலுக்கே கொண்டுவந்தது. சுனாமிக்குப் பின் கடலூர்ப் பக்கம் ஹெல்ப்ஏஜ் தொண்டு நிறுவனம் அமைத்த தாமரைக்குளம் முதியோர் கிராமம், வறியவர்களும் கௌரவத்தோடு கூடி வாழும் இடத்தைக் கட்டிக் காட்டியது. குளிப்பாட்டவும் தூக்கிவிடவும் ஆள் அனுப்பும் அடுத்த படியைத்தான் இன்னும் எடுக்கவில்லை.

விதிகளை இறுக்கினால் கட்டணம் ஏறும் என்று நடத்துகிறவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆளுக்கு ஆகும் செலவுதான் பெரும்பகுதி. ஆகவே முதலில் கேட்க வேண்டியது ஒளிவுமறைவின்மை மட்டும்: பகலில் எத்தனை பேருக்கு எத்தனை பணியாளர், இரவில் எத்தனை, அவர்கள் எங்கே என்ன பயிற்சி பெற்றவர்கள், எந்த நிலை வந்தால் வெளியேறச் சொல்வீர்கள், வைப்புத்தொகை யாருக்கு எப்போது திரும்பும் என்பதை வாசலில் பலகையாகவும் ஒப்பந்தத்தில் பிரிவாகவும் எழுதி வைக்கட்டும். உயிர்காக்கும் சிகிச்சையைத் தொடர வேண்டுமா என்று முன்கூட்டி எழுதிவைக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018இல் ஏற்று 2023இல் எளிதாக்கியது. அந்தத் தாளைக் கேட்டு வாங்கிக் கோப்பில் வைப்பதும் சேர்க்கையின் ஒரு பகுதியாக வேண்டும். இல்லாவிட்டால் கடைசி இரவில் ஆம்புலன்ஸில் ஏற்றுவதா, கையைப் பிடித்துக்கொண்டு உட்காருவதா என்பதைப் பணியில் இருக்கும் இருபத்திரண்டு வயதுப் பெண் தனியாக முடிவு செய்ய நேரும்.

இடம் பார்க்கப் போகிறவர்கள் வழக்கமாகக் காலை பதினொரு மணிக்குப் போகிறார்கள். தரை துடைத்திருக்கும், மேலாளர் இருப்பார், பஜனைக் கூடம் திறந்திருக்கும். இரவு எட்டரைக்கு, பகல் ஷிப்ட் கிளம்பிய பிறகு, சொல்லாமல் போய்ப் பார்க்கலாம். உதவி தேவைப்படுவோர் பகுதியில் எத்தனை பேர் நடமாடுகிறார்கள், ஒரு மணி ஒலித்தால் அது எவ்வளவு நேரம் ஒலிக்கிறது என்று நின்று கேட்கலாம். இரவுப் பணியில் இருக்கும் பெண்ணிடம் எத்தனை பேரைப் பார்க்கிறாய், எவ்வளவு மாதமாக இங்கே இருக்கிறாய், உனக்கு மாற்று ஆள் எத்தனை மணிக்கு வருவார் என்ற மூன்றையும் கேட்டுவிட்டு வரலாம்.